மூடாத கீறல்

மார்ச் 3, செவ்வாய்

போஸ்டர் வந்துவிட்டது. வைரஸுக்கு இரண்டு கண், ஒரு வாய், வாய் நிறையப் பல். பக்கத்தில் ஒரு பாட்டில், மார்பில் கவசம், கையில் வாள். மேலே கொட்டை எழுத்தில்: "வைரஸைக் கொல்லும் பட்டைச் சாறு!"

பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வைரஸுக்கு ஏது பல்? வாயே கிடையாது. வயிறு கிடையாது, பசி கிடையாது. உள்ளே ஒரு டிஎன்ஏ இழை, அதில் தன்னைப் போல இன்னும் செய்வதற்கான குறிப்பு. அதைச் சுற்றி இருபது முகம் கொண்ட ஒரு புரதக் கூடு. கூட்டுக்கு மேல் கொழுப்புச் சவ்வு, அதுவும் சொந்தமில்லை, கடைசியாக இருந்த செல்லிலிருந்து உருவிக்கொண்டு வந்தது. சவ்வில் முள் முள்ளாகக் கொஞ்சம் புரதம். தீர்ந்தது. செல்லுக்கு வெளியே அது வெறும் பொட்டலம். பொட்டலத்தை வாளால் குத்திக் கொல்கிறார்களாம்!

இயக்குநரிடம் போய்ச் சொன்னேன். அவருக்கு லேபில் "ஆகட்டும்" என்றுதான் பெயர். எதைச் சொன்னாலும் "ஆகட்டும், பார்க்கலாம்" என்பார், பார்க்கவே மாட்டார். இன்றைக்கும் அதேதான். "ஜனங்களுக்குப் பல்லு இருந்தாத்தாம்மா புரியும். ஆகட்டும், அடுத்த போஸ்டர்ல பாத்துக்கலாம்."

இருபதாம் தேதி விழா. இந்தச் சாற்றைப் பாட்டிலில் அடைத்து விற்கப்போகும் சிரப் கம்பெனி முதலாளி வருகிறார். நானும் பக்கத்து பெஞ்சுக்காரியும் மாதக்கணக்கில் உழைத்த வேலை இது. உதட்டில் கொப்புளம் வரவைக்கும் வைரஸைத் தட்டின் சின்னச் சின்னக் குழிகளில் வளர்ந்த செல்கள் மீது விடுவோம். பிறகு வயலட் சாயம். ஒட்டிக்கொண்டு நிற்கிற செல் வயலட்டாகும், வைரஸ் பெருகி அழித்த இடம் வெள்ளை ஓட்டையாகத் தெரியும். மரப்பட்டைச் சாறு ஊற்றிய குழிகளில் ஒரு ஓட்டைகூட இல்லை. வைரஸ் இல்லாமல் சாறு மட்டும் ஊற்றிய குழியும் பளிச்சென்று வயலட். அதாவது சாறு செல்லை ஒன்றும் செய்யவில்லை. எனக்கும் இதில் பெருமைதான், இல்லை என்று சொல்லவில்லை. அதற்காகப் பல்லா வரைவது?

மார்ச் 4, புதன்

அம்மாவுக்கு நெற்றியில் எரிச்சல். தலையணை உறையை நான் சரியாக அலசவில்லையாம். சரி, அதுவும் என் தலையில்தான்.

மார்ச் 6, வெள்ளி

எரிச்சல் இல்லை, அக்கி. காலையில் எழுந்து பார்த்தால் இடது நெற்றியில் கொத்துக் கொத்தாகக் கொப்புளம். வலது பக்கம் ஒன்றுமே இல்லை, கோடு கிழித்தாற்போல் நடுவில் நிற்கிறது. மூக்கு நுனியிலும் ஒன்று. அதுதான் பயம். மூக்கு நுனிக்கும் கண்ணுக்கும் ஒரே நரம்பு. டாக்டர் மத்தியானம்தான் வருவாராம். லேபில் கைவேலையாக இருந்த தட்டை அப்படியே இன்குபேட்டரில் போட்டுவிட்டு, சாயம்கூட ஊற்றாமல், மத்தியானமே லேபிலிருந்து கிளம்பி அம்மாவை டாக்டரிடம் அழைத்துப் போனேன்.

டாக்டரும் மூக்கைத்தான் முதலில் பார்த்தார். "மாத்திரையை ஒரு வேளைகூட விடாதீங்க. கண்ணுக்குள்ள போயிட்டா பார்வைக்கு ஆபத்து." ஒரு நாளைக்கு ஐந்து தடவை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா விசாரணையை ஆரம்பித்தாள். ரயில்வே டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள், கேள்வி கேட்டால் விடமாட்டாள்.

"எனக்கு எங்கேருந்துடி வந்துச்சு?"

"எங்கேருந்தும் வரல. சின்ன வயசுல உனக்கு அம்மை போட்டுச்சுல்ல? அப்ப வந்ததுதான். நரம்புக்குள்ள போய் ஒளிஞ்சுக்கிச்சு, இப்ப எழுந்திருச்சிருக்கு."

"இத்தனை வருஷமா வாடகை குடுக்காமயா இருந்துச்சு!"

மாத்திரை என்ன செய்யும் என்று கேட்டாள். வைரஸ் செல்லுக்குள் போய்த் தன் டிஎன்ஏவை நகல் எடுக்கும்போது ஒவ்வொரு பெட்டியாகக் கோத்துக்கொண்டே போகும், ரயில் மாதிரி. மாத்திரை ஒரு பெட்டி மாதிரி வேஷம் போட்டு நடுவில் போய் நிற்கும், ஆனால் அதற்குப் பின்பக்கம் கொக்கி இருக்காது. அதற்கப்புறம் எந்தப் பெட்டியையும் மாட்ட முடியாது, வண்டி அங்கேயே நின்றுவிடும்.

"அப்ப நல்ல செல்லுலயும் நின்னுருமே?"

என்ன கேள்வி பாருங்கள்! இதைக் கேட்க, லேபுக்குப் பயிற்சிக்கு வரும் கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஒரு வருஷம் ஆகும். "அந்த வேஷத்தை மாட்டிவிடறதே வைரஸோட சொந்த ஆளு, அதோட ஒரு புரதம். வைரஸ் இல்லாத செல்லுல மாத்திரை சும்மா கெடக்கும்மா."

"ஓஹோ. தானே போய் மாட்டிக்குதா," என்று அம்மாவுக்கு ஒரே சந்தோஷம்.

மார்ச் 8, ஞாயிறு

மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறதாம். சாப்பிட்டுவிட்டுப் போடு என்றேன். "நீ உன் வேலையைப் பாரு, நான் பாத்துக்கறேன்" என்றாள். பார்த்துக்கொள்ளட்டும்.

"ஆகட்டும்" போன் செய்தார். அம்மாவுக்கு எப்படி இருக்கிறது என்று மிகவும் அக்கறையாக விசாரித்தார். நல்ல மனுஷன்தான், வேலையில்தான் இப்படி.

மார்ச் 9, திங்கள்

ஏதோ சரியில்லை.

வெள்ளிக்கிழமை சாயம் ஊற்றாமல் விட்ட தட்டை இன்று எடுத்தேன். செல்களுக்கு ஊற்றும் ஊட்டத்தில் ஒரு நிறம் கலந்திருக்கும். ஊற்றும்போது சிவப்பு. செல்கள் சாப்பிட்டு, புளிப்பாகக் கழிவை வெளியே விட விட மஞ்சளாகும். சாறோ வைரஸோ ஊற்றாத சாதாரணக் குழிகள் எலுமிச்சை மஞ்சளாக இருந்தன. சாறு ஊற்றிய குழிகள்? நான் சாற்றைக் கழுவிவிட்டுப் புது ஊட்டம் ஊற்றியபோது எப்படிச் சிவப்பாக இருந்ததோ, அதே சிவப்பு. கொஞ்சம்கூட மாறவில்லை.

சனி, ஞாயிறு முழுக்க அங்கே ஒருத்தரும் சாப்பிடவில்லை.

மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் செல்கள் அழகாக வரிசையாக நிற்கின்றன. அழகு கூடிப்போய் நிற்கின்றன. இத்தனை நாளில் ஒன்று இரண்டாகி, நெருக்கித் தள்ளி, ஒன்றன் மேல் ஒன்று ஏறியிருக்க வேண்டாமா? வெள்ளிக்கிழமை பார்த்தது போலவே இருக்கின்றன.

மார்ச் 10, செவ்வாய்

பக்கத்து பெஞ்சுக்காரியைக் கூப்பிட்டேன். செல்லைத் தட்டிலிருந்து கிளப்பும் திரவத்தை ஊற்றினாள். சாதாரணக் குழியில் செல்கள் உருண்டு கிளம்பி மிதந்தன. சாறு குழியில் ஒன்றுகூட அசையவில்லை. தட்டைத் தட்டினாள், ஆட்டினாள், பைப்பெட்டால் பீய்ச்சியும் பார்த்தாள்.

"என்னடி இது, பசை போட்டு ஒட்டுன மாதிரி!"

அந்தத் திரவம் படாத குழிகளை எடுத்து, இரண்டு விதத்திலும் பைப்பெட் நுனியால் நடுவில் ஒரு கீறல் போட்டு வைத்திருக்கிறோம். உயிருள்ள செல் என்றால் இரண்டு கரையிலிருந்தும் நகர்ந்து வந்து கீறலை மூடிவிடும். நாளைக்குத் தெரிந்துவிடும்.

மார்ச் 11, புதன்

சாதாரணக் குழியில் கீறல் மூடிவிட்டது, எங்கே போட்டோம் என்றே தெரியவில்லை. சாறு குழியில் கீறல் நேற்றுப் போட்டபடியே இருக்கிறது, கரைகூடக் கலையவில்லை.

செத்துவிட்டன. முதலிலிருந்தே, அத்தனையும். பட்டையில் இருக்கும் துவர்ப்பு - தோல் பதனிட உதவுகிற அதே சரக்கு - செல்களைப் பிடித்து இறுக்கி, இருந்த இடத்திலேயே விறைக்க வைத்துவிட்டது. செத்த செல் கழன்று போய்விடும் என்ற நம்பிக்கையில்தான் நாங்கள் வயலட் சாயத்தை ஊற்றுகிறோம். இவை செத்தும் கழலவில்லை. நின்றுகொண்டே சாயம் குடித்திருக்கின்றன. சாறு மட்டும் ஊற்றிய குழி வயலட்டாக இருந்தது என்று நிம்மதியாக இருந்தோமே, அதுவும் பிணம்தான்.

வைரஸ் ஏன் பெருகவில்லை? எப்படிப் பெருகும்? அதன் கையில் இருப்பது குறிப்பு மட்டும்தான். குறிப்பைப் படிக்க, நகல் எடுக்க, கூட்டைச் செய்ய, கடைசியில் சவ்வைப் போர்த்தி வழியனுப்ப, எல்லாவற்றுக்கும் உயிருள்ள செல் வேண்டும். வீட்டில் இருப்பவர்களை எல்லாம் கொன்றுவிட்டு, "பாருங்கள், இந்த வீட்டில் திருடன் சாப்பிடவே இல்லை" என்று நாங்கள் விழா எடுக்கப் போகிறோம்.

மார்ச் 12, வியாழன்

இதை எழுதித்தான் ஆக வேண்டும்.

காலையில் "ஆகட்டும்" அறைக்குப் போய்ப் படங்களைக் காட்டினேன்.

"வயலட்டா இருக்குல்லம்மா? அப்ப உயிரோட இருக்குன்னுதானே நாம எப்பவும் எடுத்துக்கறோம்?"

"பதனிட்ட தோலும்தான் சார் அழுகாம இருக்கு. அதுக்காக அது புல்லு மேயப் போகுமா?"

முகம் சுண்டிவிட்டது. கொஞ்ச நேரம் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு, "ஆகட்டும். விழா முடியட்டும், நிதானமா பாப்போம். குடிச்சா யாருக்கும் ஒண்ணும் ஆகப் போறதில்ல. கெடுதல் இல்லைல்ல?"

"கெடுதல் இல்லாததை நம்பி, பலன் குடுக்கறதை நிறுத்திருவாங்க சார். அதுதான் கெடுதல்."

"நீங்க ரொம்ப உணர்ச்சிவசப்படறீங்க. உங்க அம்மாவையே கேளுங்களேன். ஞாயித்துக்கிழமை டிரைவர்கிட்ட ஒரு பாட்டில் குடுத்தனுப்பினேன், நீங்க கடைக்குப் போயிருந்தீங்களாம். நேத்து போன் பண்ணிக் கேட்டேன், நல்லாருக்கேன்னு சொன்னாங்களே!"

படங்களைப் பையில் திணித்துக்கொண்டு எழுந்தேன்.

எப்படி வீட்டுக்கு வந்தேன் என்று தெரியவில்லை. பாட்டில் சமையலறை அலமாரியில், உளுந்து டப்பாவுக்குப் பின்னால். பாதி காலி. மாத்திரை அட்டையில் ஞாயிற்றுக்கிழமையோடு நின்றிருக்கிறது.

"ஏம்மா? ஏன் நிறுத்தின?"

"வயித்தைப் புரட்டுதுன்னு சொன்னேன்ல. இது உன் மருந்துதானேடி. மாசக்கணக்குல நீ செஞ்சதுன்னு அவரே சொன்னாரு. எம்பொண்ணு மருந்து இருக்கறப்ப கண்ட மாத்திரையை எதுக்கு முழுங்கணும்?"

கத்தினேன். அம்மாவைப் பார்த்துத்தான் கத்தினேன், கத்த வேண்டிய ஆள் அங்கே இல்லை என்று தெரிந்தும் கத்தினேன். இடது கண் சிவந்திருக்கிறது. வெளிச்சம் பட்டால் கூசுகிறதாம். நேற்றிலிருந்தே கூசுகிறதாம். அப்படியிருந்தும் அந்த ஆள் கேட்டபோது நல்லாருக்கேன்னு சொல்லியிருக்கா!

மார்ச் 13, வெள்ளி

கண் டாக்டர் கண்ணில் மஞ்சள் சாயச் சொட்டு விட்டு, நீல விளக்கில் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். கருவிழியின் மேல் பச்சையாக ஒளிர்ந்துகொண்டு, கிளை கிளையாக ஒரு புண். வைரஸ் நரம்பு வழியாக இறங்கி அங்கேயே நகல் எடுத்துக்கொண்டிருக்கிறது. இத்தனை வருஷம் தட்டில் பார்த்த ஓட்டை, இன்று அம்மாவின் கண்ணில்.

"மாத்திரையை ஏன் நிறுத்தினாங்க?" என்று கேட்டார். நான் சொல்வதற்குள் அம்மா முந்திக்கொண்டு, "மறந்துட்டேன் டாக்டர்" என்றாள்.

என்னைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாள். மறக்கிற ஆளா அவள்?

மார்ச் 14, சனி

மாத்திரை, சொட்டு, மாத்திரை, சொட்டு. அலாரம் வைத்து நானே போடுகிறேன்.

மார்ச் 16, திங்கள்

புதுப் போஸ்டர்! பல் அப்படியே இருக்கிறது. கூடுதலாக ஒரு கட்டம்: "எங்கள் விஞ்ஞானியின் தாயே குணமடைந்தார்!"

என்ன தைரியம் பார். ஒரு வார்த்தை என்னிடம் கேட்கவில்லை. எங்கம்மா அங்க கண்ணைக் கட்டிக்கிட்டுப் படுத்துக் கெடக்கா, இவனுங்க இங்க குணமாக்கிட்டானுங்களாம்! போஸ்டரைக் கிழித்துக் குப்பைத்தொட்டியில் போட்டேன். இன்னும் கட்டுக் கட்டாக இருக்கிறது என்று பக்கத்து பெஞ்சுக்காரி சொன்னாள். கட்டையும் தூக்கிப் போட்டோம், இரண்டு பேரும் சேர்ந்து.

"ஆகட்டும்" கூப்பிட்டனுப்பினார். "அம்மாவுக்கு அக்கி, நம்ம வைரஸும் அதே குடும்பம்தானேம்மா. இதுல என்ன தப்பு?"

"ஒரே குடும்பம்னா, எந்தம்பி செஞ்ச தப்புக்கு என்னைப் பிடிப்பீங்களா சார்? ஒரே குடும்பமா இருந்தாலும் வேலை செய்யலைங்கறதுதான் விஷயம். எங்கம்மாவுக்குக் கண்ணுல புண்ணு."

முதல் தடவையாக அவர் "ஆகட்டும்" என்று சொல்லவில்லை. வருத்தப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் விழாவை நிறுத்துகிறேன் என்று அவர் வாயிலிருந்து வரவில்லை. அழைப்பு எல்லாருக்கும் போய்விட்டதாம்.

மார்ச் 17, செவ்வாய்

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தட்டு, சிவப்பு ஊட்டம், கீறல் எல்லாம்.

"செத்தும் நிக்குமா?"

"நிக்கும்மா. அதான் நாங்க எல்லாரும் ஏமாந்தோம்."

"நானும் அப்படித்தான் சொன்னேன்ல, போன்ல? நல்லாருக்கேன், நல்லாருக்கேன்னு." பிறகு, "விழாவுக்கு என்னை வந்து ரெண்டு வார்த்தை பேசச் சொல்லி அவரு முன்னாடியே கேட்டாரு. சரின்னுட்டேன்."

"நீ ஒண்ணும் வரவேணாம். கண்ணு இருக்கற நிலைமையில..."

"சரின்னு சொன்னப்புறம் போகாம இருந்தா நல்லாவா இருக்கும்?"

அவளோடு வாதாடி ஜெயிக்க முடியாது. டாக்டரிடம் கேட்டேன், கறுப்புக் கண்ணாடி போட்டு, சொட்டு மருந்தைக் கையோடு எடுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் போகலாம் என்றார்.

மார்ச் 20, வெள்ளி

விழா முடிந்தது. முடிந்தது என்றால் முடிந்தேவிட்டது.

அரங்கத்தில் நாற்காலி வரிசை, மேடையில் பாட்டில் வரிசை. சிரப் முதலாளி முன்னால். "ஆகட்டும்" மிகவும் நன்றாகப் பேசினார், என் பெயரை மூன்று தடவை சொன்னார், ஒவ்வொரு தடவையும் எனக்குப் பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது. பிறகு அம்மாவைக் கூப்பிட்டார். நான் கையைப் பிடித்து மேடைக்கு ஏற்றிவிட்டேன்.

அம்மா மைக்கைத் தட்டிப் பார்த்தாள், கவுண்டர் பழக்கம்.

"சார் என்னைப் போன்ல எப்படி இருக்கீங்கன்னு கேட்டாரு. நல்லாருக்கேன்னேன். மரியாதைக்குக் கேக்கறாங்க, மரியாதைக்குச் சொல்றோம். அதைக் கொண்டுபோய் போஸ்டர்ல போடுவாங்கன்னு நான் கனவா கண்டேன்?" யாரோ சிரித்தார்கள். அம்மா கண்ணாடியைக் கழற்றினாள். சிரிப்பு நின்றது. "இந்தச் சாறைக் குடிச்சுட்டு டாக்டர் குடுத்த மாத்திரையை நிறுத்தினேன். நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லல. எம்பொண்ணு செஞ்சதுன்னு ஒரு பெருமையில நானா நிறுத்தினேன். என்னை மாதிரி எத்தனை பேரு நிறுத்துவாங்களோ. இது மருந்துன்னு எம்பொண்ணு சொல்லவே இல்ல. என்ன ஆச்சுன்னு அவ சொல்லுவா, கேட்டுக்கங்க."

மைக்கை என் கையில் கொடுத்துவிட்டாள். முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை, ராட்சசி!

படங்கள் என் பையில் இருந்தன. ஒரு வாரமாகவே பையில் வைத்துத்தான் சுற்றிக்கொண்டிருந்தேன். மூடிய கீறலையும் மூடாத கீறலையும் திரையில் போட்டுக் காட்டினேன். நிறையப் பேசவில்லை.

சிரப் முதலாளி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அப்ப அந்த செல்லு எல்லாம் செத்துப்போச்சா?"

"ஆமா சார். செத்து நிக்குது."

"எப்பலேருந்து?"

"மொதல் தட்டுலேருந்தே."

அவர் "ஆகட்டும்" பக்கம் திரும்பி, "இது உங்களுக்குத் தெரியுமா?" என்றார். "ஆகட்டும்" கூரையில் சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தார். முதலாளி எழுந்து போய்விட்டார். காபி யாரும் குடிக்கவில்லை.

பேருந்தில் அம்மா கேட்டாள், "உன் வேலைக்கு ஒண்ணும் ஆயிராதுல்ல?"

"ஆனா ஆகட்டும்" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று புரிந்தது. இருவரும் சிரித்தோம், அவளுக்குக் கண் வலிக்கும்வரை.

மார்ச் 24, செவ்வாய்

வேலை போகவில்லை. அடுத்த ஆராய்ச்சிக் குழுவில் என் பெயர் இல்லை, அவ்வளவுதான். "ஆகட்டும்" வராந்தாவில் எதிரே வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு போகிறார். எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. எதற்குத் தீர வேண்டும்?

ஆனால் செல் அறைக் கதவில் அவர் கையெழுத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது: "எந்தச் சாறு வந்தாலும் முதலில் கீறல். பிறகுதான் சாயம்." பக்கத்து பெஞ்சுக்காரி அதன் மேல் கண்ணாடித்தாள் ஒட்டிவிட்டாள், தண்ணீர் பட்டு அழியாமல் இருக்க.

ஏப்ரல் 6, திங்கள்

கண் டாக்டர் இன்றும் மஞ்சள் சொட்டு விட்டு, நீல விளக்கைப் போட்டார். "வாங்க, நீங்களும் பாருங்க."

குனிந்து பார்த்தேன். பச்சை இல்லை. தேடித் தேடிப் பார்த்தேன், ஒரு கிளைகூட இல்லை. புண் இருந்த இடத்துக்கு நாலு பக்கத்திலிருந்தும் செல்கள் நகர்ந்து வந்து மூடிவிட்டிருக்கின்றன. அடியில் மட்டும் ஆவி படிந்த கண்ணாடி போல ஒரு வெண்மை. அது தழும்பு, இருக்கும் என்றார். கொஞ்சம் குறையலாம், முழுக்கப் போகாது.

"என்னடி சத்தத்தையே காணோம்? மூடியிருச்சா?"

"மூடியிருச்சும்மா."

கண் துடைக்க நான் அந்தப் பக்கம் திரும்பினேன். எதற்கு அழுகிறாய் என்று திட்டினாள்.

திரும்பும் வழியில் ரயில் நிலையத்தில் நிற்கச் சொன்னாள். நல்ல கண்ணைக் கையால் மூடிக்கொண்டு, வண்டிகளின் பலகையை அண்ணாந்து பார்த்தாள். வாழ்நாள் முழுக்க அவள் பார்த்த பலகை. உதடு அசைய அசைய ரொம்ப நேரம் படித்தாள்.

"ஊர்ப் பேரெல்லாம் தெரியுதுடி. நேரம்தான் தெரியல."

"நேரத்தை நான் பாத்துச் சொல்றேம்மா," என்றேன்.